‘ங்க’வும் ‘அம்மிணி’யும் விடுபடாத எழுத்தாக்கம்: கோவை நிறுவனம் ஒன்றின் சேவை குறித்து

ஆய்வு நேர்காணல்களின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் வேலையை, அதாவது டிரான்ஸ்கிரிப்ஷன் என்று கல்லூரிகளில் நாம் சொல்லும் வேலையை, கோவையில் இயங்கும் ஒரு நிறுவனத்திடம் கடந்த எட்டு மாதங்களாகக் கொடுத்து வாங்கி வருகிறேன். இதுவரை 14 பதிவுகள், ஏறத்தாழ 19 மணி நேரப் பேச்சு, அவர்கள் கையில் எழுத்தாகியிருக்கிறது. இந்த வேலைக்கு ஆள் தேடும் ஆய்வு மாணவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ‘நிமிடத்துக்கு எவ்வளவு?’ என்பதாகவே இருக்கிறது. எந்தப் பாணியில் எழுதித் தரச் சொல்ல வேண்டும் என்பதைத்தான் அதற்கும் முன்னால் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதால், அந்த நிறுவனம் தரும் மூன்று பாணிகளையும் நான் பயன்படுத்திப் பார்த்த அளவில் இங்கே மதிப்பிடுகிறேன்.

என் ஆய்வு, சோமனூர், பல்லடம் சுற்றுவட்டாரத்தில் வெள்ளாமையை விட்டு விசைத்தறிக்கு மாறிய குடும்பங்களைப் பற்றியது. தறி போடலாம் என்ற முடிவை வீட்டில் யார் எடுத்தார்கள், பெண்கள் ஓட்டிய தறியின் கூலி யார் கைக்குப் போனது என்பவை என் கேள்விகள். ஆகவே யார் யாரிடம் எப்படிப் பேசினார்கள் என்பதும் சொன்ன செய்தியைப் போலவே எனக்குத் தேவைப்படுகிறது. இதைத் தொடக்கத்திலேயே நிறுவனத்திடம் நான் சொல்லியிருக்க வேண்டும். முதல் தவணையில் சொல்லாமல் விட்டதன் விளைவுகள் பலவற்றுக்கு நானும் பொறுப்பு.

நிறுவனத்தின் படிவத்தில் மூன்று கட்டங்கள் உள்ளன. ‘வெர்பேட்டிம்’ என்பது திக்கல், திரும்பச் சொல்லல், இடைச்சொல், சிரிப்பு, இருமல் உட்பட வாயிலிருந்து வந்ததெல்லாம் சொல்லுக்குச் சொல் எழுதப்படும் பாணி. ‘கிளீன் வெர்பேட்டிம்’ என்பதில் பேசியவரின் சொற்களே இருக்கும். ஆனால் பொருளில்லாதவை என்று எழுதுபவர் கருதும் அசைகளும் திக்கல்களும் நீக்கப்படும். ‘எடிட்டட்’ என்பது முழுவதும் எழுத்து நடைக்கு மாற்றப்பட்டு, வாக்கியம் திருத்தப்பட்டு வருவது. எனக்குச் சொன்ன விலை, நிமிடத்துக்கு முறையே 32, 22, 25 ரூபாய். என் 19 மணி நேரத்தை 1,140 நிமிடங்களாகக் கணக்கிட்டால், முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் 11,400 ரூபாய். உதவித்தொகையில் படிக்கிறவருக்கு இது சிறிய தொகை இல்லை. பெரும்பாலானவர்கள் நடுக் கட்டத்தில் டிக் அடித்துவிடுவதற்கு இதுவே காரணம். நானும் முதலில் அதையே செய்தேன்.

முதல் தவணையில் நான்கு பதிவுகள் வந்தபோது, பார்வைக்கு மிக நன்றாக இருந்தன. பேசுபவர் பெயருக்குப் பதிலாகக் குறியீடு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நேரக் குறிப்பு, பிழையற்ற எழுத்துரு என எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒலிப்பதிவை ஓடவிட்டு வரி வரியாக ஒப்பிட்டபோதுதான் என்ன விடுபட்டிருக்கிறது என்று தெரிந்தது. அதனால் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மாவின் பதிவிலிருந்து பத்து நிமிடப் பகுதியைத் தனியே வெட்டி, மூன்று பாணியிலும் எழுதித் தரும்படி கேட்டேன். கூடுதலாக ஆன தொகை அதிகமில்லை. அதில் கற்றுக்கொண்டது அதிகம். அதில் ஒரே ஓர் இடத்தை மட்டும் இங்கே எடுத்துக் காட்டுகிறேன்.

சொல்லுக்குச் சொல் எழுதிய பக்கத்தில் இப்படி இருந்தது: “ம்… அது வந்துங்க, என்ற மாமனாரு காலத்துலீங்க, கவலை ஓட்டித்தானுங்க வெள்ளாம. ரெண்டு சோடி எருது இருந்துச்சுங்க. அப்பறம் கெணத்துல தண்ணி… (4 நொடி) கெணத்துல தண்ணி கீழ போயிருச்சுங்க. அப்பத்தானுங்க தறி போட்டது.”

நடுப் பாணியில் வந்தது: “என் மாமனாரு காலத்துல கவலை ஓட்டித்தான் வெள்ளாமை. ரெண்டு ஜோடி எருது இருந்துச்சு. அப்புறம் கிணத்துல தண்ணி கீழ போயிருச்சு. அப்பத்தான் தறி போட்டது.”

எழுத்து நடைக்கு மாற்றியதில் வந்தது: “எனது மாமனார் காலத்தில் மிகுந்த கவலையுடன் விவசாயம் செய்துவந்தோம். இரண்டு ஜோடி எருதுகள் இருந்தன. பின்னர் கிணற்றில் நீர்மட்டம் குறைந்துவிட்டதால் விசைத்தறி அமைத்தோம்.”

கவலை என்பது எருதுகளைப் பூட்டி, சால் என்ற பெரிய வாளியையும் அதன் தும்பி என்ற தோல் குழாயையும் கயிறுகளில் கட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்றம் என்பது, கொங்கு நாட்டில் காட்டு வேலை பார்த்த பெரியவர் எவருக்கும் தெரியும். பிற பகுதிகளில் கமலை என்பார்கள். எழுதியவர் இளைஞராகவோ வேறு வட்டாரத்தைச் சேர்ந்தவராகவோ இருந்திருக்கலாம். அவருக்கு அந்தச் சொல் தெரியாமல் போனது குற்றமில்லை. ஆனால் தெரியாத சொல்லைத் தெரிந்த பொருளுக்குள் அடக்கிவிடும் உரிமையை இந்தப் பாணி அவருக்குக் கொடுத்துவிட்டது. மற்ற இரண்டு பாணிகளிலும் ‘கவலை ஓட்டி’ என்ற சொற்கள் அப்படியே நின்றன; எழுதியவருக்குப் பொருள் விளங்காவிட்டாலும் படிக்கிற எனக்கு விளங்கியது. மூன்றாவதில் ஓர் ஏற்றமே மறைந்து, அதன் இடத்தில் ஒரு மனநிலை வந்து உட்கார்ந்துகொண்டது. ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்காமல் இதை நம்பியிருந்தால், ‘விவசாயக் காலத்தைத் துயரமாக நினைவுகூர்கிறார்கள்’ என்று நானே ஒரு முடிவை எழுதியிருப்பேன்.

இதைவிட நுட்பமான, அதனாலேயே ஆபத்து கூடிய மாற்றங்கள் கடைசி வாக்கியத்தில் இருக்கின்றன. அந்த அம்மா தண்ணீர் கீழே போனதைச் சொன்னார். பிறகு தறி போட்டதைச் சொன்னார். ‘அதனால்’ என்று அவர் சொல்லவில்லை. ‘குறைந்துவிட்டதால்’ என்ற காரணத் தொடர்பு எழுதியவருடையது. அதேபோல ‘தறி போட்டது’ என்பதில் போட்டவர் யார் என்று இல்லை. மாமனாரா, கணவரா, குடும்பம் கூடி எடுத்த முடிவா என்பதை அவர் சொல்லாமல் விட்ட அந்த இடம்தான் என் ஆய்வின் மையம். ‘அமைத்தோம்’ என்று எழுதியதும் அவரும் அந்த முடிவில் பங்கெடுத்தவராகிவிடுகிறார். மொழி மானிடவியலாளர் எலினோர் ஓக்ஸ், ஒலியை எழுத்தாக்கும்போது எதை எழுதுகிறோம், எதை விடுகிறோம் என்பதே ஒரு கோட்பாட்டு நிலைப்பாடு என்று 1979இல் எழுதினார். வகுப்பில் படித்தபோது எனக்குப் பொதுவான கருத்தாகத் தெரிந்த அது, ‘அமைத்தோம்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்த பிறகே எனக்கு முழுதாக விளங்கியது.

நடுப் பாணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் பொய் எதுவும் இல்லை, ஆனாலும் எனக்குப் போதவில்லை. ‘ங்க’ என்ற மரியாதை அசை முழுவதும் போய்விட்டது. எழுதுபவருக்குக் கொடுத்திருந்த வழிகாட்டியில், பொருளில்லாமல் திரும்பத் திரும்ப வரும் ஒலிகளை நீக்கவும் என்று இருந்ததாம். ஆங்கிலப் பேச்சில் ‘யூ நோ’, ‘லைக்’ போன்றவற்றுக்காக எழுதப்பட்ட விதி அது. நம் பக்கத்துப் பேச்சில் ‘ங்க’ எத்தனை முறை வந்தாலும் அது யாரிடம் பேசுகிறோம் என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இதே பதிவில் கணவர் இடையில் வந்து மனைவியிடம் ‘அதைச் சொல்லு’ என்கிறார். என் பக்கம் திரும்பி ‘எழுதிக்கிட்டீங்களா?’ என்கிறார், மனைவி அவருக்குப் பதில் சொல்லும்போது ‘சொல்றனுங்க’ என்கிறார். நடுப் பாணியில் ‘சொல்றேன்’ என்று மட்டும் இருந்தது. ஒரே அறையில் மூன்று பேருக்கிடையே ஓடிய உயர்வும் தாழ்வும் அந்த ஓர் அசையோடு சேர்ந்து துடைக்கப்பட்டுவிட்டன. ‘ம்’ என்பதும் அப்படித்தான். ‘கூலியை நீங்களே வாங்கிக்குவீங்களா?’ என்ற என் கேள்விக்கு அவர் ‘ம்ஹூம்’ என்று மறுத்திருந்தார். அசை என்று கருதி நீக்கியதால், கேள்விக்குப் பதிலே இல்லாமல் அடுத்த கேள்வி நிற்கிறது.

இன்னோர் இழப்பை நான் மிகவும் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். அந்தப் பேட்டியைத் தறிக்கூடத்தில், தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்தேன். வேலையை நிறுத்தச் சொன்னால் அன்றைய கூலி குறையும். ஃபோனை, பாவு நூல் சுற்றிய பீமுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்திருந்தேன். முதல் அரை மணி நேரம் முழுவதும் இருவரும் ஏறக்குறையக் கத்திக்கொண்டிருக்கிறோம். 31ஆவது நிமிடத்தில் கரண்ட் போகிறது. தறிகள் எல்லாம் ஒன்றாக நிற்கின்றன. அவர் குரல் மட்டும் ஒரு வாக்கியம் வரைக்கும் அதே உரத்த குரலாக ஓடி, பிறகு தானாகவே தணிகிறது. அதுவரை என்னை ‘ஏனுங்க மேடம்’ என்று அழைத்துக்கொண்டிருந்தவர், அந்த அமைதி வந்து சில நிமிடங்களில், எங்கள் பக்கத்தில் பெண்களை அன்போடு விளிக்கும் சொல்லால், ‘இல்ல அம்மிணி’ என்று தொடங்குகிறார். மாமனார் இறந்த பிறகு கிணற்றுப் பங்கு பிரிந்த கதையும், தன் நகை தறியாக மாறிய கதையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. சொல்லுக்குச் சொல் எழுதியவர், ‘[தறிச் சத்தம் நிற்கிறது]’ என்று ஒரு குறிப்பைச் சேர்த்து, ‘அம்மிணி’யையும் அப்படியே எழுதியிருந்தார். அந்தப் பெயர் தெரியாத ஊழியருக்கு நான் நன்றி சொல்ல விரும்புகிறேன். மற்ற இரண்டு பக்கங்களிலும் விளிச்சொல் தேவையற்றது என்று விடப்பட்டிருந்தது. என்னை மேடமாக வைத்திருந்த பேச்சும் அம்மிணியாக ஏற்றுக்கொண்ட பேச்சும் ஒரே நிறத்தில் தெரிந்தன.

அப்படியானால் எல்லாவற்றையும் 32 ரூபாய்ப் பாணியில் வாங்கிவிடுவதுதானே என்று கேட்கலாம். அதிலும் குறைகள் உண்டு. முதலாவது, எழுத்துக்கூட்டல். ஒரே பதிவை இரண்டு மூன்று பேர் பகிர்ந்து எழுதியதால், ஒருவர் ‘வெள்ளாம’ என்றும் இன்னொருவர் ‘வெள்ளாமெ’ என்றும் மூன்றாமவர் ‘வெள்ளாமை’ என்றும் எழுதியிருந்தார்கள். கிணறு நான்கு விதமாக வந்தது. கணினியில் ஒரு சொல்லைத் தேடினால் பாதி இடங்கள் அகப்படுவதில்லை. இரண்டாவது, ‘என்ற’ போன்ற சொற்கள். ‘என்ற ஊட்டுக்காரரு’ என்றால் என் கணவர் என்று நமக்குத் தெரியும். அறிமுகமில்லாதவர் படித்தால் ‘என்று சொல்லப்பட்ட’ என்று தடுமாறுவார். மூன்றாவது, படிக்கும் நேரம். திக்கலும் திருப்பமும் நிறைந்த நாற்பது பக்கங்களில் பொருளைத் தேடிப் பிடிப்பதற்குள் மனம் களைத்துவிடுகிறது. எந்தக் கேள்விக்கும் ஒலிநுட்பம் தேவைப்படாத சந்தை நிலவரப் பேட்டிகளுக்கு இது வீண் செலவு. நான் நூல் வியாபாரி ஒருவரிடம் எடுத்த பேட்டியை நடுப் பாணியில் வாங்கியதில் எந்த இழப்பும் இல்லை.

இதைவிட நுணுக்கமான பாணி ஒன்றும் இருக்கிறது. உரையாடல் பகுப்பாய்வில் கெய்ல் ஜெஃபர்சன் உருவாக்கிய குறியீட்டு முறையில், ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சின் மேல் ஏறும் இடம் சதுர அடைப்புக்குறியாலும், இழுக்கும் ஒலி முக்காற்புள்ளிகளாலும், இடைவெளி நொடியின் பத்தில் ஒரு பங்குத் துல்லியத்திலும் குறிக்கப்படும். சாதாரண எழுத்தாக்கத்துக்கே ஒரு மணி நேரப் பதிவுக்குப் பழகியவருக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும் என்பார்கள். இது அதைப் போலப் பல மடங்கு. இந்த நிறுவனம் இதைச் செய்து தருவதில்லை என்று நேர்மையாகவே சொன்னது. கணவர் குறுக்கிட்ட மூன்று நிமிடங்களை மட்டும் நானே, நெதர்லாந்தின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனம் இலவசமாகத் தரும் ஈலான் மென்பொருளில் அமர்ந்து அப்படி எழுதினேன். அந்த மூன்று நிமிடத்துக்கு ஒரு பகல் முழுவதும் போயிற்று. தேவையான இடத்துக்கு மட்டும் என்றால் அது தகுந்த உழைப்பே.

இயந்திரத்திடம் கொடுத்தால் என்ன என்றும் பார்த்தேன். 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருள், தமிழையும் எழுதும். நம் கணினியிலேயே ஓட்டினால் ஒலிப்பதிவு வெளியே போவதில்லை என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் யாரும் பேசாத இடத்தில் இல்லாத வாக்கியங்களை எழுதிவிடுவது அதன் அறியப்பட்ட குறை. என் தறிக்கூடப் பதிவில் அது நேர்ந்தது. வட்டாரப் பேச்சைத் தனக்குப் பழகிய வடிவத்துக்கு இழுத்துக்கொண்டு போகவும் செய்தது. எந்த நிமிடத்தில் எதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று தேடும் அட்டவணையாக மட்டும் அதை வைத்துக்கொண்டேன்.

மீண்டும் நிறுவனத்துக்கு வருகிறேன். இந்தக் குறைகளையெல்லாம் எழுதி அனுப்பியபோது அவர்கள் முகம் சுளிக்கவில்லை. நடுப் பாணி விலையிலேயே, ஆனால் நான் தரும் ‘நீக்கக் கூடாதவை’ பட்டியலோடு எழுதித் தர ஒப்புக்கொண்டார்கள். முதல் தவணையில் இரண்டு பதிவுகளைக் கட்டணமின்றித் திரும்பவும் எழுதித் தந்தார்கள். என் பட்டியல் ஒரு பக்கம்தான்: ‘ங்க’வும் விளிச்சொற்களும் நீங்கக் கூடாது; ‘ம்’, ‘ம்ஹூம்’ பதிலாக வரும்போது இருக்க வேண்டும்; மூன்று நொடிக்கு மேற்பட்ட மௌனம் குறிக்கப்பட வேண்டும்; தெரியாத சொல்லை மாற்றாமல் காதில் விழுந்தபடி எழுதி நேரத்தைக் குறிக்க வேண்டும்; ‘அதனால்’, ‘ஏனென்றால்’ என்று எதையும் சேர்க்கக் கூடாது. இதனோடு கவலை, சால், வடம், பாவு, ஊடை, நாடா, பொடக்காலி, ஒறம்பரை, சாளை என அறுபது சொற்களை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு வந்த பத்துப் பதிவுகளின் தரம் வேறு. மூன்று பேர் ஒன்றாகப் பேசும் இடங்களில் இன்னும் தடுமாறுகிறார்கள். சொன்ன நாளுக்கு ஆறு நாள் தாமதமாக ஒரு தவணை வந்தது. மற்றபடி குறை சொல்ல இடமில்லை.

ஒரு செய்தியில் மட்டும் அவர்களை முழுவதும் நம்பிவிட வேண்டாம் என்பேன். அடையாளம் மறைத்துத் தருகிறோம் என்று சொல்லி ஆள் பெயரையெல்லாம் நீக்கினார்கள். ஆனால் கூட்டத்தின், அதாவது குலப்பிரிவின், பெயரும் குலதெய்வக் கோயில் இருக்கும் ஊரும் அப்படியே இருந்தன. கொங்கு நாட்டில் இந்த இரண்டும் தெரிந்தால், இத்தனை தறி வைத்திருக்கும் வீடு எது என்று அந்த வட்டாரத்தில் யாரும் சொல்லிவிடுவார்கள். மறைக்க வேண்டியவற்றை நாமே முன்கூட்டிக் குறித்துக் கொடுக்க வேண்டும்.

எழுத்தாக்கத்தைப் பேட்டி கொடுத்தவரிடம் திரும்பக் காட்டினீர்களா என்பது, நேர்காணல் ஆய்வுகளை எழுதுவோருக்காக 2007இல் வெளியான கோரெக் என்ற 32 கேள்விச் சரிபார்ப்புப் பட்டியலில் ஒன்று. அதற்காகவே சொல்லுக்குச் சொல் எழுதிய பத்துப் பக்கங்களை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். கல்லூரியில் படிக்கும் பேத்தி உரக்கப் படித்தாள். இரண்டாம் பக்கத்திலேயே ‘ஆத்தா, இப்படியா பேசுனீங்க?’ என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “நான் பேசுனதேதான் அம்மிணி. ஆனா உங்க பேச்சு மட்டும் பொஸ்தகத்துல இருக்கறாப்பல இருக்குதுங்களே?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தை வாங்கிப் பார்த்தேன். பதிவில் நான் ‘அப்பறம் என்னாச்சுங்கம்மா?’ என்று கேட்டது, ‘பிறகு என்ன ஆயிற்று அம்மா?’ என்று அச்சாகியிருந்தது. அவருடைய திக்கல் ஒவ்வொன்றும் பதிவாகியிருந்த பக்கத்தில் என்னுடைய ஒரு திக்கல்கூட இல்லை. எட்டு மாதமாக நான் ஒப்பிட்டுப் பார்த்தும் என் கண்ணில் படாதது அது. ஏனென்றால் அவர் பேச்சை மட்டும்தான் நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

‘கேட்பவரின் பேச்சையும் கொடுப்பவரின் பேச்சையும் ஒரே முறையில் எழுதவும்’ என்பது இப்போது என் பட்டியலின் முதல் வரி. நிறுவனமும் அதைத் தன் வழிகாட்டியில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. ஆய்வேட்டில் மேற்கோளாக வரும் பகுதிகளில் திக்கலை மட்டும் குறைத்து, சொல்லையும் ‘ங்க’வையும் விட்டுவைக்கலாம் என்று அந்த அம்மாவும் நானும் பேசி முடிவுசெய்துகொண்டோம், நகை பற்றிய ஒரு வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். மீதமிருக்கும் ஐந்து பதிவுகளில் நான்கை இந்த மாதம் அதே நிறுவனத்துக்கு, அதே 22 ரூபாய்ப் பாணியில், பட்டியலோடு அனுப்புகிறேன். ஐந்தாவது, கரண்ட் போகாத ஒரு தறிக்கூடத்தில் முழுவதும் சத்தத்துக்குள் எடுத்தது. எதிரே உட்கார்ந்து உதட்டசைவையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே சில இடங்கள்தான் பிடிபடுகின்றன என்பதால், அதை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.